தவணைப் பணம் எங்கிருந்து வந்தது?

காலை ஏழு மணிக்குக் கூட்டம். ஒரு வீட்டுத் திண்ணையிலோ மாரியம்மன் கோயில் மண்டபத்திலோ இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நுண்கடன் நிறுவனத்து இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். தோளில் பை, கையில் டேப்லெட். அவர் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் மடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டுவார்கள். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு அவர் பங்கை நிரப்பிய பிறகே எழுந்து போக முடியும். ஏழே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிடும். அன்று மாலை கிளை அலுவலகக் கணக்கில் அந்தக் குழுவுக்கு நேராக 'வசூல் 100 சதவீதம்' என்று ஏறும்.

அந்த எண் பொய்யில்லை. கடன் கொடுத்தவர் பத்திரமாக இருக்கிறார் என்பதை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் திண்ணையில் நீட்டப்பட்ட ஒவ்வொரு பங்குக்கும் முந்தைய நாள் ஒரு கதை நடந்திருக்கும். ஒருவர் பால் சொசைட்டிப் பணத்தை அப்படியே கொண்டுவந்திருப்பார். இன்னொருவர் காதில் கிடந்ததை அடகுக் கடையில் வைத்திருப்பார். மூன்றாமவர் செவ்வாய்க்கிழமைக் குழுவில் வாங்கிய கடனை வெள்ளிக்கிழமைக் குழுவுக்குக் கட்டுவார். நான்காமவர் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கியிருப்பார். டேப்லெட்டின் திரையில் இந்த நால்வருக்கும் ஒரே பச்சை அடையாளம்தான்.

வளரும் நாடுகளின் ஏழைகளிடம் வங்கிக் கணக்கு, நுண்கடன் எனப்படும் சிறுகடன், கைப்பேசிப் பணம் ஆகியவற்றைக் கொண்டுசேர்ப்பதை நிதி உள்ளடக்கம் என்கிறோம். அது அவர்கள் வாழ்க்கையை மாற்றுகிறதா என்ற ஆராய்ச்சி முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது என்று எண்ணுவதில் தொடங்கி, திரும்பி வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது அந்த ஆராய்ச்சி. அந்தக் கேள்வியைக் கேட்ட இடங்களில் பயனுள்ள விடைகள் கிடைத்தன. கேட்காத இடங்களில் பெண்கள் வீதிக்கு வர வேண்டியதாயிற்று.

1976-இல் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ், பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு அந்நாட்டு நாணயத்தில் 856 டாக்கா கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னுகிறவர்கள் உட்பட வியாபாரிகளிடம் கடன்பட்டு, செய்ததை அவர்களிடமே மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தத் தொகைதான் 1983-இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006-இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. உலகை அசத்தியது அந்த வங்கியின் திருப்பிச் செலுத்தும் விகிதம். அடமானம் வைக்க எதுவுமில்லாத பெண்கள், நூற்றுக்கு 97, 98 பேர், தவறாமல் கட்டுகிறார்கள் என்றார்கள். சக பெண்களின் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே அங்கே அடமானமாக இருந்தது.

கடன் வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டால் போதாதா? போதாது. குழுவில் சேர்கிறவர் ஏற்கெனவே துணிச்சல்காரராக இருக்கலாம். தையல் தெரிந்தவராக, கணவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவராக இருக்கலாம். நிறுவனமும் பஸ் போகும் ஊராகப் பார்த்துத்தான் கிளை திறக்கும். பிறகு தெரியும் வேறுபாட்டில் கடனின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாடு.

வங்கதேசத்தில் அரை ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவர்களுக்குக் கடன் இல்லை என்ற விதியைப் பயன்படுத்தி மார்க் பிட், ஷாகிதூர் கந்தகர் இருவரும் 1998-இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டார்கள். பெண்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு 100 டாக்காவுக்கும் வீட்டு நுகர்வு 18 டாக்கா கூடுகிறது, ஆண்களுக்குக் கொடுத்தால் 11 டாக்காதான் கூடுகிறது என்றது அது. இந்த 18 டாக்கா மாநாடு மாநாடாக ஒலித்தது. ஆனால் நடைமுறையில் அரை ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கும் கடன் போயிருந்தது. 2009-இல் டேவிட் ரூட்மேனும் ஜோனத்தன் மோர்டக்கும் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது, கடனால்தான் வறுமை குறைந்தது என்று சொல்ல அதில் ஆதாரம் இல்லை என்றார்கள். அதற்குள் கோடிக்கணக்கான பெண்கள் குழுக்களில் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் ஹைதராபாத்தில் வேறு வழியைக் கையாண்டார்கள். நகரின் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோலப் பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-07 வாக்கில் ஸ்பந்தனா என்ற நுண்கடன் நிறுவனம் அந்தப் பாதியில் மட்டும் முதலில் கிளை திறந்தது. குலுக்கலில் ஆளின் துணிச்சலுக்கோ ஊரின் வசதிக்கோ இடமில்லை. ஆகவே பிறகு தெரியும் வேறுபாடு கடனால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் கடன் 10,000 ரூபாய், 50 வாரத் தவணை, ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று சொல்லப்பட்டது. அந்தப் பன்னிரண்டு உண்மையில் இருபத்துநான்கு. முதல் வாரமே அசல் குறையத் தொடங்குவதால், ஆண்டு முழுவதும் சராசரியாகக் கையில் இருப்பது ஏறத்தாழ 5,000தான். அதற்கு 1,200 வட்டி என்றால் எத்தனை சதவீதம்? இந்தக் கணக்கை இன்றும் கூட்டத்தில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை, கடன் அட்டையின் முதல் வரியில் அச்சிட வேண்டியது இதுதான்.

முடிவு, ஆதரித்தவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை, எதிர்த்தவர்கள் பயந்ததும் இல்லை. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கொஞ்சம் கூடினார்கள். ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த தொழில்களின் இலாபம் உயர்ந்தது. தையல் இயந்திரம், வண்டி போன்ற நீடித்த பொருள்களுக்குச் செலவு கூடி, டீ, வெற்றிலை, புகையிலைச் செலவு குறைந்தது. ஆனால் வீட்டின் மொத்த நுகர்வு உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2015-இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளின் இத்தகைய ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்தன. ஆறும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசின. சிலருக்கு நன்மை, பெரும்பாலோருக்குச் சிறு மாற்றம், வறுமையிலிருந்து மீட்சி என்று சொல்ல எதுவுமில்லை.

குலுக்கல் முறையின் வலிமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது சராசரியைச் சொல்லும் முறை. ஒரு பெண் தூக்கிவிடப்பட்டு, ஒரு பெண் மூழ்கினால் சராசரி பூஜ்யம். மூழ்கியவரைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் போக வேண்டும்.

அப்படிப் போனவர்களும் இருக்கிறார்கள். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஏழைக் குடும்பங்களை ஓராண்டு முழுவதும் பதினைந்து நாளுக்கொரு முறை சந்தித்து, உள்ளே வந்த பணம், வெளியே போன பணம் அத்தனையையும் எழுதிய ஆய்வுகள் நடந்தன. நிதி நாட்குறிப்பு என்று அந்த முறைக்குப் பெயர். மாதம் இவ்வளவு வருமானம் என்று ஒரே கேள்வியில் முடிக்கும் கணக்கெடுப்புகள் தவறவிட்டதை அவை பிடித்தன. எந்த வீடும் கையிருப்பு முழுவதையும் அன்றன்றே தின்று தீர்க்கவில்லை. ஒவ்வொரு வீடும் குறைந்தது நான்கு வகை வழிகளில் பணத்தைச் சேர்த்தும் கடன் வாங்கியும் கொடுத்தும் வந்தது. ஏலச்சீட்டு, கைமாற்று, அடகு, மளிகைக் கடைப் பற்று, முதலாளியிடம் முன்பணம் என்று நம் ஊரில் பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். வருமானம் குறைவு என்பது மட்டும் அவர்கள் தொல்லை அல்ல. அது எப்போது வரும் என்று தெரியாது, செலவு எப்போது வரும் என்றும் தெரியாது. இரண்டுக்கும் இடையில் பாலம் போடுவதுதான் அன்றாட வேலை.

விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் தினமும் வீடுவீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்த ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு இந்தத் துறையில் பலர் அறிந்தது. அவரது அட்டையில் 220 கட்டங்கள். தினம் ஐந்து ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டம் நிரம்பும். முடிவில் சேரும் 1,100 ரூபாயில் 100-ஐக் கூலியாக எடுத்துக்கொண்டு 1,000-ஐத் திருப்பிக் கொடுப்பார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தன் பணத்தைத் தானே சேமிக்க ஏறத்தாழ 30 சதவீதம் வட்டி கட்டிய மாதிரி. இதை அறியாமை என்று தள்ளுகிறவர்கள் குடிசையில் பணம் வைத்துப் பார்க்காதவர்கள். கதவில்லாத வீட்டில், கேட்டால் மறுக்க முடியாத உறவுகளுக்கு நடுவில், பள்ளி திறக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் முழுசாகக் கையில் கிடைப்பதற்கு அந்த நூறு ரூபாய் அவர்களுக்குச் சரியான விலையாகப் பட்டது.

தமிழ்நாட்டில் இத்தகைய நுண்ணிய ஆய்வுக்கு நல்ல மரபு உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்தது. 1997-இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. குழுவே சேமித்து, குழுவே தீர்மானித்துக் கடன் கொடுக்கும் இந்த முறையும், நிறுவனம் வந்து ஐம்பது வாரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும் முறையும் வேறுவேறு. இப்போது இரண்டையும் பெண்கள் குழு லோன் என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இசபெல் கெரான், வெங்கடசுப்பிரமணியன் உள்ளிட்டோர் ஆண்டுக்கணக்கில் கடன்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 2010 முதல் சில ஆண்டுகளுக்கொரு முறை அதே குடும்பங்களிடம் திரும்பிப் போய்க் கேட்டார்கள். யாரிடம் கடன் கேட்கலாம், யாரிடம் கேட்டால் மானம் போகும் என்பதைச் சாதி தீர்மானிப்பதை அவர்கள் காட்டினார்கள். ஒரு கடனை இன்னொன்றால் அடைத்து, அதை மூன்றாவதால் புரட்டுவது பெண்ணின் தலையில் விழுந்த கூலியில்லா வேலையாகிவிட்டதையும் காட்டினார்கள். நான் முதலில் சொன்ன முந்தைய நாள் கதை, புள்ளிவிவரமாக ஏறியிருக்கும் அரிய இடம் அது.

கடன் கொடுக்கும் முறையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களும் உண்டு. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோரின் குழு கொல்கத்தாவில் 2007-இல் ஒரு சோதனை செய்தது. வழக்கமாகக் கடன் வாங்கிய இரண்டு வாரத்தில் தவணை தொடங்கிவிடும். சிலருக்கு மட்டும் இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது அவகாசம் பெற்றவர்களின் தொழில் இலாபம் சுமார் 41 சதவீதம் கூடுதலாக இருந்தது. துணி வாங்கி, தைத்து, விற்று, காசாக்க நாளாகும் என்பது எந்தத் தையல்காரருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வாரத்தில் தவணை என்றால் கடனின் ஒரு பகுதியை எடுத்து வைத்தே தவணை கட்ட வேண்டும், தொழிலில் போட முடியாது. ஆனால் கட்டத் தவறியவர்களும் அவகாசக் குழுவில்தான் அதிகம். இங்கேதான் நிறுவனத்தின் நலமும் பெண்ணின் நலமும் பிரிகின்றன. வசூல் விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் இந்தச் சோதனையைத் தோல்வி என்பார். இலாபத்தைப் பார்க்கிறவர் வெற்றி என்பார். அதே நகரில் இன்னொரு ஆய்வு, வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றியபோது, கடன் கட்டுவது பற்றிக் கவலையும் படபடப்பும் இருப்பதாகச் சொல்வது பாதியாகக் குறைந்ததைக் கண்டது.

இந்தப் பாடங்கள் வெளிவருவதற்குள் ஆந்திரம் வெடித்தது. 2010 ஆகஸ்டில் ஒரு பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்து பெரும் பணம் திரட்டியது. ஒரே பெண்ணுக்கு நான்கு, ஐந்து நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்துவந்த காலம். வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் என்ற செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் ஏறத்தாழ நின்றுபோனது. முந்தைய மாதம் வரை 98, 99 என்று மின்னிக்கொண்டிருந்த எண்கள் அந்தக் குடும்பங்களின் நிலையைப் பற்றி எந்த எச்சரிக்கையும் கொடுக்கவில்லை. 2011-இல் ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து அந்த வங்கியின் விதிகளும் வந்தன.

அதே நெருக்கடியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். ஆந்திரத்தில் பணம் முடங்கியதால் நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கின. எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் அந்த மாவட்டங்களைப் பார்த்தார்கள். கடன் வற்றிய இடங்களில் தினக்கூலி குறைந்தது, வீட்டு நுகர்வு குறைந்தது. கடன் வாங்காத கூலித் தொழிலாளியும் அடி வாங்கினார். ஊரில் சிறு தொழில்கள் சுருங்கும்போது வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்களும் குறைகிறார்கள். நுண்கடனை ஒரேயடியாக மூடிவிட வேண்டும் என்று கோபத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

இலங்கையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சுனாமிக்குப் பின் 2005-இல் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டபர் வுட்ரஃப் ஆகியோர் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களின் சிறு தொழில்முனைவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாயைக் கடனாக அல்லாமல் இனாமாகவே கொடுத்தார்கள். சராசரியாக மாதம் 5 சதவீத அளவுக்கு வருவாய் கிடைத்தது. வங்கி வட்டியைவிட மிக அதிகம். ஆனால் பெண்களின் தொழில்களில் அது பூஜ்யம். பெண்களுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை என்று படிக்க வாய்ப்பான முடிவு. பல ஆண்டு கழித்து எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட குழு அந்தத் தரவை வீட்டோடு சேர்த்துப் பார்த்தது. கணவருக்கும் தொழில் இருந்த வீட்டில் மனைவிக்குக் கொடுத்த பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்கிறவர் அந்தப் பெண் ஒருவர் மட்டுமே என்றால் அவரது வருவாய் ஆண்களுக்குச் சமமாக இருந்தது. கேள்வி ஒரு கதவு தள்ளிக் கேட்கப்பட்டதும் விடை தலைகீழானது.

2009-க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது ஆய்வு அல்ல, நேரடி வணிகம். போரில் துணையை இழந்த, தொழில் அழிந்த, மீள்குடியேறிய பெண்களின் வாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஒழுங்கான வருமானமே இல்லாத இடத்தில் வாரத் தவணை எங்கிருந்து வரும்? இன்னொரு நுண்கடனிலிருந்து. 2018-இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனைக் கட்டும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு இறுதியில் மத்திய வங்கி ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. அத்தோடும் தீரவில்லை. 2021-இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குரக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே சொல்லால் துன்பத்தைப் பேச வைத்தது நுண்கடன்.

வங்கிக் கணக்கின் கதையிலும் இதே எண் மயக்கம் உண்டு. உலக வங்கியின் கணக்கெடுப்பில் 2011-இல் இந்தியாவில் வயது வந்தோரில் 35 சதவீதம் பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2014 ஆகஸ்ட் 28-இல் ஜன் தன் திட்டம் தொடங்கியது. 2017-இல் அந்த எண் 80 ஆனது. உலகில் இவ்வளவு வேகமாகக் கணக்குத் திறந்த நாடு அரிது, அது உண்மையான சாதனை. ஆனால் அதே 2017-இல் கணக்கு வைத்திருந்தவர்களில் 48 சதவீதம் பேர் ஓராண்டாக அதில் ஒரு ரூபாய் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பூஜ்ய இருப்புக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட, சில வங்கிக் கிளைகளில் ஊழியர்களே கணக்குக்கு ஒரு ரூபாய் போட்டு வைத்ததை 2016-இல் ஒரு நாளிதழ் வெளிப்படுத்தியது. உகாண்டா, மலாவி, சிலி நாடுகளில் பாஸ்கலின் டுபா குழுவினர் இலவசக் கணக்குத் திறந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டில் ஐந்து முறையாவது பணம் போட்டவர்கள் உகாண்டாவில் 17 சதவீதம், மலாவியில் 10, சிலியில் வெறும் 3.

அப்படியானால் கணக்கால் பயனே இல்லையா? மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கணவரின் கணக்குக்குப் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதை இயக்கவும் சொல்லிக் கொடுத்தபோது, அந்தப் பெண்கள் அந்தத் திட்டத்திலும் வெளியிலும் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். தன் பெயரில் பணம் விழுகிறது, தானே எடுக்கலாம் என்பதுதான் வேறுபாடு. பாஸ்புத்தகம் இரண்டு வீடுகளில் ஒன்றுபோலவே இருக்கும், யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் வேறு.

தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது கென்யாவின் கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவைச் சொல்லாமல் முடியாது. அது பிறந்ததே நுண்கடன் தவணை கட்டத்தான். 2005-இல் திகா பகுதியில் ஒரு நுண்கடன் நிறுவனத்தோடு சேர்ந்து, பெண்கள் கைப்பேசி வழியே தவணை கட்டலாம் என்று சோதித்தார்கள். மக்கள் அதைத் தங்கள் விருப்பப்படி திருப்பிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். சஃபாரிகாம் என்ற கைப்பேசி நிறுவனம் அதைக் கவனித்தது. 2007 மார்ச்சில் வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற அழைப்போடு சேவை தொடங்கியது. வடிவமைத்தவர்கள் கடனை நினைத்தார்கள், மக்களுக்குத் தேவைப்பட்டது ஊருக்குப் பணம்.

தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் அந்த நாட்டில் ஆண்டுகள் பல ஒரே குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். நோய், பயிர் இழப்பு, வேலை இழப்பு வந்தால் எம்-பெசா இல்லாத வீட்டில் நுகர்வு சுமார் 7 சதவீதம் சரிந்தது. எம்-பெசா இருந்த வீட்டில் சரிவே தெரியவில்லை. காரணம் எளிது. நைரோபியில் இருக்கும் அண்ணன் அன்று மாலையே 500 ஷில்லிங் அனுப்பிவிடுகிறார். 2016-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, கைப்பேசிப் பணம் 1,94,000 குடும்பங்களை, கென்யக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, கடும் வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. யாரையும் கடனாளி ஆக்காமல் கிடைத்த பலன் இது. கைமாற்றின் தூரத்தை நீட்டியதுதான் எம்-பெசா செய்த பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும்.

ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரன் குழுவினர் 1.9 கோடி மக்கள் வாழும் பகுதியில் பார்த்தது இன்னொரு வகை. கைரேகை அட்டை வழியே நூறு நாள் வேலைக் கூலி கொடுத்தபோது பணம் விரைவாக வந்தது, இடையில் களவு போனதும் 41 சதவீதம் குறைந்தது. அவரே பங்குகொண்ட ஜார்க்கண்ட் ரேஷன் ஆய்வில் கைரேகைச் சோதனையால் களவு குறையவில்லை. ரேஷன் அட்டையை ஆதாரோடு இணைக்காதிருந்தவர்களுக்கு அரிசி குறைந்ததுதான் கண்ட பலன். நாற்று நட்டு, செங்கல் சுமந்து தேய்ந்த விரலை நான்காம் முறை இயந்திரத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும் பாட்டியை ரேஷன் கடையில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அவர் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், தன் மேல்தான் தவறு என்பது போல.

கைப்பேசியில் பணம் அனுப்ப முடிந்ததும் அதே வழியில் கடனும் வந்தது. கென்யாவில் 2012-இல் எம்-ஸ்வாரி என்ற கைப்பேசிக் கடன் சேவை தொடங்கியது. முப்பது நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். கிளையும் இல்லை, கூட்டமும் இல்லை, சில நொடியில் பணம். அது கிடைத்த குடும்பங்கள் இக்கட்டான நேரத்தில் அவசியச் செலவைக் கைவிடுவது குறைந்ததாக சூரி குழுவினர் கண்டார்கள். அதுவரை நல்லது. இந்தியாவில் 2020 பெருந்தொற்றுக் காலத்தில் அதே வழியில் வேறொன்று நுழைந்தது. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் தாமதித்தால் உறவினர் எல்லோருக்கும் அவதூறு அனுப்பின. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் சுமார் 1,100 செயலிகளைக் கண்டு, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றது. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. கிராமத்துக் குழுவில் சக பெண்களின் முகம் அடமானமாக இருந்தது. இங்கே முகப்படமே அடமானம். குழுவிலாவது, இல்லாதவருக்காக ஐம்பது ரூபாய் போடும் கை பக்கத்தில் இருந்தது.

ஆராய்ச்சிக்கும் இதனால் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. தவணை, இருப்பு, பரிமாற்றம் எல்லாம் நிறுவனங்களின் கணினியில் நொடிக்கு நொடி பதிவாகின்றன. தரவுக்குக் குறைவில்லை. ஆனால் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் வருவது பதிவுபெற்ற நிறுவனங்களின் கடன் மட்டும். தண்டல்காரர், மீட்டர் வட்டி, மளிகைப் பற்று, கைமாற்று எதுவும் அங்கே இல்லை. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் புது இலக்கணம் வகுத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாக் கடன், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. வட்டிக்கு இருந்த உச்சவரம்பை அதே விதிகள் எடுத்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பாதி என்று அளக்க முழுமை தெரிய வேண்டுமே? நடவுக் காலத்தில் 20 நாள் வேலை, கோடையில் 4 நாள் வேலை என்று இருக்கும் வீட்டின் மாத வருமானத்தைப் படிவத்தில் எழுதுகிறவர், அன்றைக்கு இத்தனை கடன் கொடுத்தாக வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்ட அதே இளைஞர்தான். அவருக்கும் மாதச் சம்பளம் குறைவு, ஊர் தூரம். அவரைக் குற்றம் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

2025-இல் தமிழ்நாடு கட்டாய வசூல் முறைகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டலை அது தண்டிக்கும். மிரட்டல் இல்லாமலே, கூட்டத்தில் தலைகுனிய நேரும் என்ற ஒரே அச்சத்தில் தாலியில் கோத்த குண்டுமணி அடகுக் கடைக்குப் போவதை எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது?

இந்தத் துறையில் ஆய்வு செய்யக் கிளம்பும் மாணவர்கள் எந்த நாளில் கிராமத்துக்குப் போகலாம் என்று கேட்பார்கள். கூட்ட நாளன்று காலை போனால் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம், நேரமும் மிச்சம். நான் முந்தைய நாள் மாலை போகச் சொல்வேன். ஆறு மணிக்கு மேல். கணவர் கூலி வாங்கிவந்தாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. நாத்தனாருக்கு ஒரு போன், அவர் எடுக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினால் மடித்த இருநூறு ரூபாய். இரண்டு தெரு தள்ளிப் போய், இன்னொரு வீட்டு வாசலில் நின்று, வேறு எதையோ பேசத் தொடங்கி, கடைசியில் கேட்பது. எட்டரை மணிக்கு அந்த அம்மா திரும்பி வந்து, சிம்னி விளக்கடியிலோ டிவி வெளிச்சத்திலோ நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணி, அட்டைக்குள் வைத்து, தலையணைக்குக் கீழே வைப்பார். மறுநாள் ஏழு மணிக்கு மடியிலிருந்து எடுத்து நீட்டும்போது பால் பணம், அடகுப் பணம், கைமாற்றுப் பணம் எல்லாம் ஒரே மடிப்பில் இருக்கும்.